நாளைக் காலை எட்டு மணி

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் கோதையின் நாக்கில் பாதியை எடுத்துவிடப் போகிறார்கள். அதனால் அவளும் அவள் தோழிகள் ஜெசிந்தாவும் மும்தாஜும் தெருமுனைச் சைனீஸ் ஹோட்டலுக்கு மதியமே வந்துவிட்டார்கள். நூடுல்ஸ், மஞ்சூரியன், மிளகாய் போட்ட காளான் எல்லாம் ஆவி பறக்க வந்தன. கோதை ஒவ்வொரு தட்டையும் தன் பக்கம் இழுத்து அவசர அவசரமாக மென்றாள். நாக்கிலிருந்த புற்றுப் புண்ணில் காரம் பட்டபோது மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நிறுத்தவில்லை.

மற்ற இருவரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்களும் சாப்பிடுங்கடி. நான் மட்டும் தின்னா பயமா இருக்கு."

மும்தாஜ் ஒரு வாய் எடுத்தாள். தட்டைக் கோதை பக்கம் நகர்த்தினாள்.

"வேற என்ன வேணும், சொல்லு. வரவழைக்கிறேன்" என்றாள் ஜெசிந்தா.

கோதை வாயைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணும் வேணாம். உங்க ரெண்டு பேர் பேரையும் சொல்லிப் பாக்கணும்."

"ஜெசிந்தா" என்றாள், எழுத்தெழுத்தாக. ஜெசிந்தா தலையாட்டினாள்.

"வாயத் திறந்து சொல்லுடி. சரியாக் கேக்குதா?"

"கேக்குதுடி."

"மும்தாஜ்" என்று திரும்பினாள். மும்தாஜ் பதில் சொல்வதற்குள் மறுபடி சொன்னாள். மறுபடியும் சொன்னாள். சூப் கொண்டுவந்தவர் கிண்ணத்தைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார்.