எடுத்ததைக் காட்டுவது வழக்கம்

தட்டைப் பச்சைத் துணியால் மூடியிருந்தார்கள். துணியை விலக்குவதற்கு முன்பே நாற்றம் வந்துவிட்டது.

அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

அறுவை அரங்கின் கதவைத் தோளால் தள்ளிப் பிடித்தபடி செவிலியர் நின்றார். உள்ளே எடுத்ததை வெளியே இருப்பவர்களுக்குக் காட்டிவிட வேண்டும். அந்த மருத்துவமனையில் அப்படி ஒரு வழக்கம். பித்தப்பைக் கல்லைக் காட்டுவார்கள். குடல்வாலைக் காட்டுவார்கள். பார்த்தவர்கள் புரிந்ததுபோல் தலையை அசைப்பார்கள்.

"பவதாரணியோட அம்மா யாரு?"

"நாந்தாங்க."

துணி விலகியது.

குளியலறைச் சாக்கடை அடைத்துக்கொண்டால் குச்சியை விட்டு இழுப்போமே, அதுபோல ஒன்று. ஆனால் கனமானது. கறுப்பும் பச்சையுமாக வழவழத்தது. ஒரு பக்கம் இரைப்பையின் அச்சிலேயே திரண்டிருந்தது. மறுபக்கம் வாலாக நீண்டு தட்டின் விளிம்பில் தொங்கியது. இடையிடையே செரிக்காத சோற்றுப் பருக்கைகள்.

அருகில் நின்ற நாத்தனார் வளர்மதி, "அய்யோ, எலியா அண்ணி அது?" என்றாள்.

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக் குனிந்துகொண்டாள்.

பவதாரணியின் அம்மாவுக்கு அந்த நாற்றம் புதிதல்ல.

இரண்டு ஆண்டுகள் குவைத்தில் வீட்டுவேலை பார்த்துவிட்டு விடுப்பில் வந்து இறங்கிய அன்று, மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். வாயிலிருந்து இதே நாற்றம். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பல்லு வெளக்குறியா இல்லியாடி?" என்றாள். மகளிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

விடுப்பு முடியும் தறுவாயில், பரணிலிருந்து பெட்டியை இறக்கிய அன்று மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள்.

"நான் போறேன்னதும் வயித்து வலியா? நடிக்காத."

மறுநாள் மகள் பச்சையாக வாந்தி எடுத்தாள். அப்போதும் அவள் துணிகளை மடித்துக்கொண்டுதான் இருந்தாள். அதற்கடுத்த நாள், கழிவறையில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

மருத்துவர் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கியபடி வந்தார்.

"முடிம்மா. ரொம்ப நாளா தின்னுருக்கு. வால் மாதிரி இறங்கிப்போய்க் குடலை இழுத்துருச்சு. குடல் குடலுக்குள்ளயே பூந்துக்கிச்சு. சட்டைக் கைய உள்ள மடிச்சு விட்டா எப்பிடி இருக்கும், அப்பிடி. கறுத்துப்போன எடத்த வெட்டி எடுத்துட்டுச் சேத்துருக்கோம். ரெண்டு நாள் போகணும். அதுக்கு முன்னால நான் எதுவும் சொல்ல முடியாது."

அவள் தலையை அசைத்தாள்.

மருத்துவர் தட்டைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"பாப்பாவுக்குக் கிராப்புதான இருக்கு? இது அவ்ளோ நீள முடி. யாரோடது?"

வளர்மதி நிமிர்ந்தாள். "எங்க வீட்ல யாருக்கும் இவ்ளோ முடி கெடையாது சார். பேன் விழுதுன்னு நாந்தான் அவளுக்கு வெட்டிவிட்டேன். சும்மா இருக்கையில எதையாவது மென்னுக்கிட்டே இருப்பா. என்னன்னு நான் பாக்கல."

செவிலியர் இடுக்கியால் வாலைத் தூக்கிக் காட்டினார். அது எச்சில் நூலோடு எழுந்தது. நுனியில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

நூல்.

சுற்றிச் சுற்றி இறுக்கி, முடிவில் கொக்கிபோல ஒரு வளையம் விட்டு முடிந்த நூல்.

கறுப்பு நூல் தீர்ந்துபோயிருந்ததால் தையல்பெட்டியிலிருந்த சிவப்பு நூலில் பவதாரணியின் அம்மாவே கட்டியது. உதிர்ந்த தன் முடியையே சேர்த்து வைத்துச் செய்த சவரி. கல்யாணம், காதுகுத்து என்றால் அதைப் பின்னலில் வைத்துக் கட்டி இடுப்பு வரை தொங்கவிடுவாள். குவைத்தில் வேலை செய்யப்போகும் வீட்டில் தலைமுடி வெளியே தெரியக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அங்கே எதற்கு என்று கண்ணாடிப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள்.

போனில் மகள் சொன்னாள்: "சவரிய நான் பத்திரமா வச்சிருக்கேம்மா. பக்கத்துலயே போட்டுத் தூங்குறேன்."

வந்து பார்த்தபோது ஆணி வெறுமையாக இருந்தது.

வளர்மதிதான் விற்றுவிட்டாள் என்று தெருவே கேட்கச் சண்டை போட்டாள். மகள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்கவேயில்லை.

வளர்மதியும் இப்போது அந்த நூலைப் பார்த்துவிட்டாள். அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள்.

"போதுமாம்மா? எடுத்துட்டுப் போயிரவா?" என்றார் செவிலியர்.

மருத்துவர் கையுறையைக் கழற்றினார்.

"யாரு முடியா இருந்தாலும் சரி. பொழைச்சு வீட்டுக்கு வந்தா, அது பாப்பா கண்ணுலயே படக் கூடாது. தூரமாக் கொண்டுபோயிருங்க."

வளர்மதி மெல்லச் சொன்னாள்: "அண்ணிக்கு வெள்ளிக்கிழமை ஃபிளைட்டு சார்."

அவள் மூக்கிலிருந்து முந்தானையை எடுத்தாள். அதை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். குவைத் வீட்டில் மூடிக்கொள்வதைப் போலவே, நெற்றியிலோ காதோரத்திலோ ஒரு மயிரும் வெளியே தெரியாதபடி.

நாற்றம் நேராக வந்தது.

அவள் அதை மூச்சு நிறைய இழுத்தாள்.

"கொஞ்ச நேரம் இருங்க சிஸ்டர். எடுத்துறாதீங்க."