இருட்டறைக் கைரேகை

எக்ஸ்ரே பிலிமில் மறுபடியும் கைரேகை விழுந்திருந்தது.

“பொரிச்ச டெம்பே தின்ன கையோட தொட்டியாடி?” என்று எக்ஸ்ரே எடுக்கும் ரத்மி அக்கா சீறினாள்.

செமாராங் மருத்துவமனையின் இருட்டறையில் நான் ஒருத்திதான். உள்ளிருந்து ‘இருங்க’ என்று குரல் வந்தால் யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள். வெளிச்சம் பட்டால் பிலிம் பாழ்.

இன்று கையைக் கழுவித் துடைத்து, ஓரத்தை மட்டுமே பிடித்தேன். சிவப்பு விளக்கில் பார்த்தால், யாரோ ஒருவரின் நெஞ்செலும்புகள்மேல் என் உள்ளங்கைத் தடம், என் பழைய தீக்காயத் தழும்போடு.

வெளியே ஓடப் போனேன். கதவின் கைப்பிடி அசையவில்லை.

ரத்மி அக்கா தட்டினாள். “ஸ்ரீயானி, திறக்கட்டுமா?”

வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து என் குரல் சொன்னது:

“இருங்கக்கா, பிலிம் பெட்டிக்கு வெளிய இருக்கு.”

“சரி, மெதுவா வா.”

அவளுடைய செருப்புச் சத்தம் தள்ளிப் போனது.