பாறைப் பாலத்தில் ஒருத்தி

வேதமாணிக்கம் தலைக்கு டை அடித்த நாளிலிருந்தே பிரிஸ்கில்லாவுக்குச் சந்தேகம். போன் வந்தால் மாடிக்குப் போய், சிரித்துச் சிரித்துப் பேசினார். இப்போது திடீரென்று மலைப் பூங்காவுக்கு அருவி பார்க்கப் போகிறாராம்.

"கோயில்பட்டி வெயிலுக்கு நல்லாருக்கும்லா" என்றார்.

"அப்போ நானும் வாரேன்."

அவர் முகம் சுருங்கிப்போனது.

பூங்காவில் அவர் அருவியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "நீ இங்கன நின்னு போட்டோ எடு. இந்தா வந்திருதேன்" என்று சொல்லிவிட்டு, அருவிக்கு மேலே தானாகவே வளைந்து கிடந்த பாறைப் பாலத்தை நோக்கி நடந்தார். பிரிஸ்கில்லா விடாமல் பின்னாலேயே போனாள்.

பாலத்தின் நடுவில் நீலச் சேலை கட்டிய ஒரு பெண்மணி நின்றிருந்தார். வேதமாணிக்கத்தைக் கண்டதும் வெட்கத்தோடு சிரித்தார்.

"யாரு இவிய?" அருவிச் சத்தத்தையும் மீறிக் கேட்டாள் பிரிஸ்கில்லா.

வேதமாணிக்கம் தலையைக் குனிந்துகொண்டார். "போன்ல பழக்கம். ஒங்கிட்ட எப்படிச் சொல்லன்னு தெரியல..."

பிரிஸ்கில்லா அந்தப் பெண்மணியின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது.

"நெசமாவே ஒரு பொம்பளைதானா! எவனோ பொம்பளைக் குரல்ல பேசி உங்கள ஏமாத்துதான்னுல்லா நெனச்சேன். அம்மா போனப்புறம் இப்பத்தான் சிரிக்கீங்க. அதுவும் பொய்யாப் போயிருமோன்னு பயந்துகிட்டே இருந்தேன், அப்பா!"