ஏசாத நாள்

பேச்சித்தாயின் காலில் சுற்றியிருந்த துணியை டாக்டரே அவிழ்த்தார்.

பெருவிரலும் பக்கத்து விரலும் கறுத்துக் கிடந்தன. அழுத்திப் பார்த்தார். பேச்சித்தாய் முகம் சுளிக்கவில்லை. வலித்திருந்தால்கூடத் தேவலை.

டாக்டர் வைகுண்டமணிக்கு அந்த ஊரில் ஏச்சு டாக்டர் என்று பெயர். இனிப்பைத் தொட்டேன் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், வெளியே பெஞ்சில் இருப்பவர்களுக்கெல்லாம் கேட்கும். ஏசினால்தான் இந்த ஜனத்துக்கு உறைக்கும் என்பது அவர் கட்சி.

அதற்குப் பேச்சித்தாயைத்தான் சாட்சிக்கு இழுப்பார். ஒரு தடவை அவளை அழ அழ ஏசி அனுப்பினார். அதற்கப்புறம் ஒரு டெஸ்டிலும் அவளுக்குச் சர்க்கரை ஏறியதில்லை. பார்த்துப் பார்த்துப் பூரித்தார். மாத்திரையைக்கூடக் குறைத்தார்.

மகள் செண்பகம் சுவரோரம் நின்றாள்.

"டெஸ்டுக்கு முந்தி ரெண்டு நாளும் வெறும் நீர்மோருதான் சார் குடிப்பா. அன்னைக்கு நல்லா வந்துட்டா நீங்க ஏச மாட்டியன்னு. மத்த நாளெல்லாம் எப்பவும் போலத்தான், சோறும் பலகாரமும்."

சொல்லிவிட்டு அம்மாவை முறைத்தாள்.

பேச்சித்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். தோளைக் குறுக்கி, வரப்போகிற ஏச்சுக்குக் காத்திருந்தாள்.

அவர் மறுபடியும் அந்த விரல்களைப் பார்த்தார்.

விரல்களை எடுத்தாக வேண்டும். விரலோடு நிற்குமா, முழங்கால் வரை போகுமா, இப்போது சொல்வதற்கில்லை. பாவி மனுஷி, ஒரு தடவையாவது உண்மையைச் சொல்லியிருக்கக் கூடாதா?

சொல்ல எங்கே விட்டேன்?

பஞ்சை மருந்தில் நனைத்து மெதுவாகத் துடைத்தார். வலிக்காத காலை அத்தனை மெதுவாக எதற்குத் துடைக்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

"பயப்படாதீங்கம்மா" என்றார்.

இத்தனை வருஷத்தில் அவளை அவர் 'ங்க' போட்டுப் பேசியதில்லை.

பேச்சித்தாய் சட்டென்று நிமிர்ந்தாள். அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்தாள்.

"என்ன சார், ஏச மாட்டேங்கிய?"

அவர் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏசுங்க சார். ஒரு வார்த்தை ஏசுங்க."

வாயைத் திறந்தார்.

வெளியே பெஞ்சில் இருந்தவர்களுக்கு ஒன்றுமே கேட்கவில்லை.