மூன்றாவது விருந்தாளி

“ஒரு வீட்டுக்கு மூணு விருந்தாளிங்க வந்தாங்க. முதல் ஆள் வந்த சுவடே தெரியாம கிளம்பிட்டார். ரெண்டாவது ஆள் சாவகாசமா இருந்துட்டுப் போனார். மூணாவது ஆள் பாயை விரிச்சுப் படுத்துட்டார், எழுப்பவே முடியலை. அது எந்த வீடு? யார் அந்த மூணு பேர்?”

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டார். ஆறு வயதுப் பாப்பா யோசித்தாள். இன்னும் ஒரு மணி நேரத்தில் அவளுக்குத் தொண்டையில் ஆபரேஷன்.

“விடுகதை போடற நேரமா இது?”

ஜன்னல் பக்கமிருந்து அப்பா சீறினார். கையில் புகார்ப் படிவம். பாதிப் பக்கம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது.

“என்ன சார் ஆச்சு?”

“என்ன ஆச்சா? ராத்திரியிலேர்ந்து எதுவும் குடுக்காதீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? இப்போ இந்த சிஸ்டரே ஒரு கப் ஆப்பிள் ஜூஸை நீட்டறாங்க! நான் பிடுங்கலைன்னா குடிச்சிருப்பா. பெத்தவனுக்கு இருக்கற பொறுப்பு ஆஸ்பத்திரிக்கு வேண்டாமா?”

நர்ஸ் குரலை உயர்த்தவில்லை. “சாப்பாடும் பாலும்தான் சார் கூடாதுன்னோம். தண்ணி, தெளிவான ஜூஸெல்லாம் இப்போகூடக் குடிக்கலாம். உங்ககிட்ட குடுத்த சீட்டுலயே போட்டிருக்கு.”

“சீட்டாம் சீட்டு! என் பொண்ணு உசிரு என்ன விளையாட்டுச் சாமானா? நேத்து எட்டு மணிக்குச் சாப்பிட்டது. அதுக்கப்புறம் பச்சைத் தண்ணி பல்லுல படலை. எழுதிக்கோங்க!”

நர்ஸ் எழுதிக்கொண்டார். அப்பாவும் படிவத்தில் ‘பொறுப்பின்மை’ என்று எழுதி, அடிக்கோடு போட்டார்.

“என் வயிறுதானே அந்த வீடு?” என்றாள் பாப்பா.

“அட, கெட்டிக்காரி!” டாக்டர் பையிலிருந்து மூன்று பட அட்டைகளை எடுத்து அவள் மடியில் வைத்தார். “தண்ணி, ஜூஸ் முதல் ஆள். ஒரு மணி நேரத்துல காலி பண்ணிடுவார். ரெண்டாவது ஆள் பால். நாலு மணி நேரமாவது இருப்பார். மூணாவது ஆள் ரொட்டி, பிஸ்கட். அவருக்கு ஆறு மணி நேரம் குடுக்கணும்.”

“போகலைன்னா?”

“நீ மயக்கத்துல தூங்கறப்போ வீட்டுக்குக் காவல் இருக்காது. உள்ளே இருக்கறவர் மேலே ஏறி வந்து, மூச்சு போற வழியில புகுந்துடுவார். அப்புறம் உனக்கு மூச்சு முட்டிடும்.”

பாப்பா அட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டாக்டர் மாமா, காலைல கார்ல வரும்போது வந்த விருந்தாளி இப்போ போயிருப்பாரா?”

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டே முக்கால்.

“எத்தனை மணிக்குக் கார்ல வந்தீங்க?”

“ஏழு மணிக்கு. நான் பசிக்குதுன்னு அழுதேன்.”

அப்பாவின் பேனா நின்றது. “பாப்பா, வாயை மூடிக்கிட்டு இரு. இந்தத் தேதி கிடைக்க மூணு மாசம் காத்துக்கிட்டு இருந்தோம்.”

“வந்தது யாருன்னு தொட்டு மட்டும் காட்டு, போதும்” என்றார் டாக்டர்.

பாப்பா அப்பாவைப் பார்த்தாள். அவர் ‘வேண்டாம்’ என்று கண்ணைக் காட்டினார்.

அவள் ரொட்டிப் படத்தைத் தொட்டாள்.