மீதி இரண்டு கிலோ

மாலை வெயில் பேக்கரியின் கண்ணாடி வழியே சரிந்து, தையல்காரர் முன்னால் இருக்கும் கேக் தட்டில் விழுகிறது. எதிரே அவருடைய தங்கை உட்கார்ந்திருக்கிறாள். வெள்ளை விழி மஞ்சளாகிக் கிடக்கிறது. இவருடைய கல்லீரலில் ஒரு துண்டை எடுத்து அவளுக்கு வைக்க வேண்டும். ஆனால் அதில் கொழுப்பு படிந்திருக்கிறது, ஆறு கிலோ குறைத்துவிட்டு வாருங்கள் என்று டாக்டர் சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. நான்குதான் குறைந்திருக்கிறது. "வாரத்துல ஒரு நாள் வாயைக் கட்ட வேணாம்ணா. எனக்காக நீ பட்டினி கெடக்கறதைப் பாக்க முடியல," என்கிறாள் தங்கை. வேண்டாம் என்று எழுந்துவிடத்தான் நினைக்கிறார். அதற்குள் கை கரண்டியை எடுத்துவிடுகிறது. கிரீம் நாக்கில் பட்டதும் கண் தானாகச் சொக்குகிறது. பாழாய்ப்போன நாக்கு என்று மனதுக்குள் தன்னையே திட்டிக்கொண்டு, அடுத்த கரண்டியை இன்னும் நிறைய அள்ளுகிறார். நரம்பு தெரியும் விரலால் அவள் அவருடைய மீசையில் ஒட்டிய கிரீமைத் துடைத்துவிடுகிறாள். "நல்லா இருக்காண்ணா?" அவரால் நிமிர்ந்து அந்தக் கண்களைப் பார்க்க முடியவில்லை. அவளோ பூரித்துப்போய், இன்னொன்று கொண்டுவரச் சொல்லிக் கையை உயர்த்துகிறாள். போதும் என்று சொல்லியாக வேண்டும். வாயில் இடமில்லை.