சிவப்புப் புள்ளி வைத்த கார்டு

"உங்க கேமரா பைக்குள்ளயே இருக்கட்டும்க்கா. இன்னிக்கு இதுல எடுங்க."

ஹூரியா நீட்டிய புத்தம்புதுக் கேமராவை யமீனா தொடக்கூட இல்லை. அவளுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது.

"என்னது இது?"

"புதுசுக்கா. பிரான்ஸ்ல இருக்கற தம்பிகிட்ட சொல்லி வரவழைச்சேன். இதுல ரெண்டு கார்டு போடலாம், எடுக்கற படம் ரெண்டுலயும் பதியும்."

அல்ஜீரியாவின் திலிம்சான் நகரில் பெண்கள் மட்டும் கூடுகிற கல்யாணத்துக்குப் படம் எடுக்க ஆள் வேண்டுமென்றால், எல்லோரும் சொல்வது யமீனாவைத்தான். பதினெட்டு வருஷத் தொழில். உள்ளறையில் ஹூரியாவின் தங்கை, மணப்பெண் லம்யாவுக்கு முத்து மாலைகளை அடுக்கடுக்காகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் குலவைச் சத்தம் தொடங்கிவிட்டது. வருகிற பெண்களின் போன்களையெல்லாம் வழக்கம்போல வாசலிலேயே கூடையில் வாங்கி வைத்தாயிற்று. இந்த மதியம் உள்ளே நடப்பதை யமீனா எடுத்தால்தான் உண்டு. அந்த நேரத்தில் வந்து இப்படி ஒரு பேச்சு!

"சமைக்க வந்தவ கையில, இந்தா என் கரண்டி, இதால கிண்டுன்னு கொடுப்பியா நீ?"

"கோவிச்சுக்காதீங்கக்கா…"

"கோவிக்காம, கொஞ்சவா சொல்ற? ஊர்ல சின்னப் பொண்ணுங்க நாலு பேரு கிளம்பியிருக்காளுங்க. கழுத்துல ஒண்ணு, தோள்ல ஒண்ணு, பை நிறைய லென்ஸு. மணப்பொண்ணு கண் கலங்கற நேரத்துல எந்த பட்டனை அமுக்கறதுன்னு தேடிக்கிட்டு நிப்பாளுங்க. அந்தக் கூத்துதான் வேணும்னா அவளுங்களையே கூப்பிட்டிருக்கலாமே!"

"அவங்க வேணாம். நீங்கதான் வேணும்."

"நான் வேணும், என் கேமரா வேணாம். நல்லா இருக்கும்மா உன் நியாயம்!"

யமீனா தன் கேமராவைப் பையிலிருந்து வெடுக்கென்று எடுத்தாள். பதினாலு வருஷக் கேமரா. கைப்பிடி ரப்பர் உரிந்துபோன இடத்தில் கறுப்பு டேப் சுற்றியிருந்தாள். அடியில் இருந்த மூடியைத் திறந்து கார்டை உருவி ஹூரியாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். அதன் மேல் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் புதுக் கார்டு, ஒவ்வொரு கார்டிலும் அந்தப் புள்ளி. அது அவளுடைய அடையாளம்.

"பாத்துக்க. ஒரே கார்டுதான். கல்யாணம் முடிஞ்சதும் கழட்டி, வாசல்லயே வீட்டுப் பொம்பளைங்க கையில கொடுத்துடுவேன். ஒரு படம் என்கிட்ட தங்காது. அதனாலதான் என்னை நம்பி உள்ள விடறாங்க. இத்தனை வருஷத்துல படம் சரியில்லன்னு ஒரு குடும்பம் வந்து என் கதவைத் தட்டினதில்ல. தெரியுமா உனக்கு?"

"தெரியும்" என்றாள் ஹூரியா. "யாரும் தட்டியிருக்க மாட்டாங்க."

அந்தத் தொனி யமீனாவுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. கார்டைத் திரும்பச் செருகிக்கொண்டு பையைத் தோளில் மாட்டினாள். இவ்வளவு பெரிய வீட்டுக் கல்யாணத்தைப் பாதியில் விட்டுப் போனால் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும், இந்தக் கோடையில் வேறு ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள். அது அவளுக்கு நன்றாகவே தெரியும். போகட்டுமே! மானத்தை விட்டுவிட்டு என்ன பிழைப்பு?

ஹூரியா குறுக்கே வந்து கதவை மறித்தாள்.

"நீங்க போயிட்டா என் தங்கச்சிக்கு ஒரு படம்கூட இருக்காது!"

"உன் வாய்க்கொழுப்பு, நீ அனுபவி. வழியை விடு. படம் எடுக்கறது கண்ணும்மா, கார்டு இல்ல!"

"உங்க கண்ணைப் பத்தி எனக்குச் சொல்லாதீங்க!"

ஹூரியா போட்ட சத்தத்தில் உள்ளறையில் பேச்சு நின்றுபோனது. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். முகத்தில் இருந்த கோபம் மட்டும் தாழவில்லை.

"அடையாள அட்டைக்குத் தவிர எங்க அம்மா கேமரா முன்னால நின்னது வாழ்நாள்லயே ஒரே ஒரு நாள்தான். ஒம்பது வருஷத்துக்கு முன்னால, என் கல்யாணத்தன்னிக்கு. எடுத்தது நீங்க. கேமரா பின்னாடி இருக்கற தீப்பெட்டி அளவு திரையில எனக்குக் காட்டினீங்க. எங்கம்மா அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லக்கா. அதனாலதான் மறுபடி உங்களையே தேடி வந்தேன்."

யமீனா அவளை உற்றுப் பார்த்தாள். அடையாளம் தெரியவில்லை. அத்தனை பூச்சுக்கும் முத்துக்கும் நடுவில் பார்த்த மணப்பெண்களை யாருக்கு நினைவிருக்கும்? ஆனாலும் உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது.

"நீயே சொல்ற, நல்லா வந்துச்சுன்னு. அதே கேமராதான் இது. அப்புறம் எதுக்கு இந்த ஆட்டம் ஆடற?"

"அதுக்குப் பத்தாம் நாள் அம்மா மௌத்தாயிட்டாங்க. நாற்பது நாள் துக்கம் கழிச்சுதான் கார்டைப் போட்டுப் பாத்தோம். ஒண்ணுமே வரல. சரி பண்ற கடையில எல்லாம் ஆம்பளைங்க. அம்மா முகத்தை அவங்க கையில கொடுக்க அப்பா ஒத்துக்கல. அந்தத் துக்கத்துல உங்க கதவைத் தட்ட எங்க வீட்ல யாருக்குத் தெம்பு இருந்துச்சு?"

ஹூரியா இடுப்பிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு கார்டு. அதன் மேல் இருந்த சிவப்பு நகப்பூச்சுப் புள்ளி இன்னும் அழியவில்லை.